மடக்குக் கத்தியும் மறைந்துள்ள உழைப்பும்: மலிவு என்பதன் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

கல்முனைக்கு வடக்கே, கிழக்குக் கடலோரத்தில் அமைந்த மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அதன் ஒருபுறம் கடல், மறுபுறம் வயல்வெளி. நெசவாளர், கடற்றொழிலாளர், வேளாண்மை செய்வோர் ஆகிய மூவருக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டெனில், அது சாரன் மடியிலோ சட்டைப் பையிலோ கிடக்கும் வில்லுக்கத்தியே எனலாம். நூலறுப்பது, வலைக்கயிறு வெட்டுவது, உரமூட்டையின் வாயைப் பிரிப்பது, கம்பு சீவுவது யாவும் அதன் வேலைகள்.

வாளையும் வேலையும் பாடிய புலவர் பலர். உழைப்பாளியின் மடிக்கத்தியைப் பாடியோர் அரியர். ஆளும் வர்க்கத்தின் படைக்கலம் இலக்கியப் பொருளாயிற்று. உழைப்பவனின் கருவி ஆய்வுப் பொருளாகக்கூட ஆகவில்லை. அன்றாடப் பயனுக்கும் வெளிவேலைக்கும் மலிவானதும் உறுதியானதுமான ஒரு மடக்குக் கத்தியை எவ்வாறு தேர்வது என்னும் வினா, மேற்பார்வைக்குக் கடைத்தெருவினாகவே தோன்றும். ஆயின் ‘மலிவு’, ‘உறுதி’ என்னும் இரு சொற்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தே தேர்வு செய்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், உழைப்பு நிகழும் முறையை ஆராயுமிடத்து மார்க்ஸ் ஓர் உண்மையைச் சுட்டுகிறார். கருவி நன்கு தொழிற்படும்போது அதனை ஆக்கியவரின் உழைப்பு நம் நினைவுக்கு வருவதில்லை. கத்தி வெட்ட மறுக்கும்போதும் நூல் அறுந்துபோகும்போதுமே கத்தி செய்தவரையும் நூல் நூற்றவரையும் நினைக்கிறோம். கத்தி, நூல் ஆகிய இரண்டையும் அன்றாடம் கையாளும் மருதமுனை நெசவாளருக்கு இது நூலறிவன்று, அனுபவ அறிவு.

2

மடக்குக் கத்தி மிகப் பழையது. ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாற் பகுதியில், ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புப்பிடி கொண்ட கத்தியொன்று கிடைத்துள்ளது. உரோமரும் மடக்குக் கத்தியைப் பயன்படுத்தினர். எனினும் அது சாதாரண மக்களின் கைக்குப் பெருவாரியாக வந்துசேர்ந்தமை கைத்தொழில் முதலாளித்துவத்தின் வளர்ச்சியோடு இணைந்ததாகும். அவ்வளர்ச்சியின் தலைமைக்களம் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகர்.

ஷெபீல்ட் கத்தி மலிவாக இருந்தது. அம்மலிவின் விலையைச் செலுத்தியவர் யார்? 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்தின் தொழிலாள வர்க்கத்தின் நிலைமை பற்றி எழுதிய நூல் இதற்கு விடை தருகிறது. நீரின்றிச் சாணைபிடித்த தொழிலாளர் முப்பத்தைந்து வயதளவிலும், ஈரச் சாணையில் வேலை செய்தோர் நாற்பத்தைந்து வயதளவிலும் இறந்தனர். கல்லின் பொடியும் உலோகத்தின் பொடியும் நுரையீரலில் நிறைந்தமையே காரணம். பொடியை இழுத்து அகற்றும் சாதனங்கள் வந்தபோது தொழிலாளர் சிலர் அவற்றை உடைத்தனர் என்றும் எங்கெல்ஸ் கூறுகிறார். ஆபத்துக் குறைந்தால் மேலும் பலர் இத்தொழிலுக்கு வருவர், கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சினர். உயிரைக் காக்கும் சாதனமே வயிற்றுக்குப் பகையாகத் தோன்றுமாறு செய்த உற்பத்தி உறவுகளை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. பளபளக்கும் அலகின் பின்னால் இவ்வுயிர்கள் மறைந்துள்ளன.

3

உருக்கின் வரலாற்றில் நமது பகுதிக்கும் பங்கு உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உயர்தர உருக்கு ஆக்கப்பட்டது. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தால் எரிந்த உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெப் அகழ்ந்தாராய்ந்து, 1996இல் முடிவுகளை வெளியிட்டார். அவை கி.பி. முதலாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் இயங்கியவை.

1795இல் ஜோர்ஜ் பியர்சன் என்னும் அறிஞர், பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட ‘வூட்ஸ்’ உருக்கை ஆராய்ந்து இலண்டன் அரச கழகத்திற்கு அறிக்கை அளித்தார். அவ்வுருக்கில் இலண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்ரோடட் ஒரு பேனாக்கத்தியை அடித்து, அது சிறந்த உருக்குக் கத்திக்கு நிகராக வெட்டுவதைக் கண்டார். பின்னர் அவரும் மைக்கேல் பரடேயும் அவ்வுருக்கின் இரகசியத்தை அறியப் பரிசோதனைகள் நடத்தினர். நமது கொல்லரின் அறிவு ஐரோப்பிய விஞ்ஞானத்தின் ஆய்வுப் பொருளாயிற்று. குடியேற்ற ஆட்சியில் நமது உலைகளோ அணைந்தன. அதே உருக்கின் வழித்தோன்றல்களுக்கு நாம் வாடிக்கையாளர் ஆனோம். 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதித் துணி கைத்தறிக்கு எதிராக வந்து நின்றபோது, மருதமுனை இதே கதையை இன்னொரு வடிவில் கண்டது.

4

ஆயின் எல்லா மலிவும் சுரண்டலின் விளைவென்று கொள்வது இயந்திரப் பாங்கான முடிவாகும். அமைப்பின் எளிமையால் வரும் மலிவும் உண்டு. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890 அளவில் ஜோசப் ஒப்பினெல் ஆக்கிய கத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அலகு, மரப்பிடி, உலோக வளையம், அச்சாணி என நான்கே உறுப்புகள். உழவரும் தொழிலாளரும் அதனை ஏற்றுக்கொண்டனர். அலகைப் பூட்டும் சுழல்வளையம் 1955இல் சேர்ந்தது. யப்பானின் ‘ஹிகோனொகாமி’ இன்னும் எளிது: மடித்த தகடே பிடி, பூட்டே இல்லை. ஜேர்மனியின் சோலிங்கன் நகரில் 1902இல் தோன்றிய ‘ஒகாப்பி’ ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விற்பதற்கென்றே செய்யப்பட்டது. எளிய மக்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். 1980களின் இறுதியில் அதன் உற்பத்தியும் தென்னாபிரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. சந்தைக்காகப் பிறந்த பொருள் மக்களின் பொருளாக மாறும் இயங்கியலை இங்கு காண்கிறோம்.

5

எந்தக் கத்தி நல்லது? பொதுவில் நல்ல கத்தி என ஒன்றில்லை. குறித்த உழைப்புக்கு நல்ல கத்தியே உண்டு. பயன்மதிப்பு என்பது இதுதான்.

கடலுக்குப் போவோருக்கு உப்பே முதற் பகை. கரிம உருக்கு அலகு விரைவிற் கறள் பிடிக்கும். மரப்பிடி ஈரத்தில் ஊதி, அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். எனவே 1913இல் ஷெபீல்டில் ஹரி பிரியர்லி உருவாக்கிய கறளேறா உருக்கின் வழிவந்த அலகும், நீர் ஏறாப் பிடியும் அவர்க்குப் பொருந்தும். வயலில் வேலை செய்வோருக்குக் கரிம உருக்கே சிறந்தது. சாதாரணத் தீட்டுக்கல்லில் விரைவிற் கூரேறும். வேலை முடிந்ததும் துடைத்துச் சிறிது எண்ணெய் பூசினால் நீண்டகாலம் உழைக்கும். தறியில் இருப்போருக்குச் சிறிய, மெல்லிய அலகு போதும்.

எவர் தேர்ந்தாலும் பார்க்க வேண்டியவை சில. மடக்குக் கத்தியின் நலிந்த இடம் அச்சாணியே. அலகை விரித்து நுனியைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. பூட்டிய பின் அலகின் முதுகை மரத்தில் மெல்ல அழுத்தினால் பூட்டு விட்டுக்கொடுத்தல் ஆகாது. விட்டால் விரல் போகும். ஈரக்கையாலும் விரிக்க முடிதல் வேண்டும். தடித்த அலகு வலுவுடையது, ஆனால் மெல்லியதே நன்கு வெட்டும். நடுத்தரமே அன்றாடத்துக்கு ஏற்றது. எவ்வளவு உறுதியாயினும் மடக்குக் கத்தி தேங்காய் வெட்டவோ நெம்பவோ உரியதன்று. அதற்கு மடங்காக் கத்தி வேண்டும். பல கருவிகளை ஒன்றில் திணித்த பகட்டுக் கத்தியில் விலையில் பெரும்பகுதி பகட்டுக்கே போகிறது.

இவற்றோடு மற்றொன்றும் சேர்த்தெண்ணத்தக்கது: பழுதுபார்க்க முடிதல். புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களையும் அதியமானின் படைக்கலங்களையும் ஒப்பிடும் பாடலொன்று உண்டு. தொண்டைமானுடையவை நெய் பூசி மெருகோடு காவலில் கிடக்கின்றன; அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழிக்கும் அப்பாடலின் அளவுகோல் இன்றும் பொருந்தும். கண்ணாடிப் பெட்டியில் மின்னுவது கத்தியின் பெருமையன்று. உழைத்துத் தேய்ந்து, பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்து, மீண்டும் உழைக்க வல்லதே நல்ல கத்தி. அச்சாணி கழன்றதும் எறிந்துவிட வேண்டிய கத்தி, வாங்கும் நாளில் மட்டுமே மலிவானது. ஆண்டுதோறும் புதிது வாங்குவோன் ஈற்றில் கூடுதலாகவே செலுத்துகிறான். கொல்லனோ வேலை இழக்கிறான்.

கடையில் விலை கேட்கும்போது நாம் இரு வினாக்களை எழுப்புதல் தகும். இம்மலிவு எளிமையால் வந்ததா, எவரோ ஒருவரின் ஆயுள் குறைந்ததால் வந்ததா? இது கெட்டால் நம் ஊர்க் கொல்லனால் சீர்செய்ய முடியுமா? தன் துணிக்கு நியாயமான விலை கேட்கும் நெசவாளி, கத்தி செய்தவனுக்காகவும் இவ்வினாக்களைக் கேட்பானாயின், அறுந்த நூலுக்கும் மழுங்கிய கத்திக்கும் அப்பால் உழைப்பாளி உழைப்பாளியை அறிந்துகொள்ளும் வழி திறக்கும்.