காணாமல் போன குண்டுவீச்சு விமான வீரரைத் தேடுவது எப்படி?

போரில் மகன் இறந்துவிட்டான் என்று கடிதம் வந்தால் வீடு அழுது தீர்க்கும். "காணவில்லை" என்று வந்தால்? அழவும் முடியாது, நம்பிக்கையை விடவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து மீது குண்டு வீசப் போய்த் திரும்பாத ஜெர்மன் விமான வீரர்கள் பலருடைய வீடுகளுக்கு வந்தது இந்த இரண்டாவது வகைக் கடிதம்தான்.

ஏன் இந்தக் குழப்பம்? விமானம் விழுந்தது எதிரி நாட்டில், அல்லது கடலில். உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பது ஜெர்மனிக்குத் தெரியும், எங்கே விழுந்தது என்று தெரியாது. விழுந்த இடம் பிரிட்டனுக்குத் தெரியும், ஆனால் எரிந்து கிடப்பவர் யார் என்று பல சமயம் தெரியாது. ஆக, ஒரு மனிதரின் முடிவு இரண்டு எதிரி நாடுகளின் காகிதங்களில் பாதி பாதியாகக் கிடக்கிறது. அந்தப் பாதிகளைச் சேர்ப்பதுதான் தேடல்.

ஜெர்மன் பாதி

ஜெர்மன் விமானப்படை தன் இழப்புகளைப் பட்டியல் போட்டு வைத்தது. தேதி, படைப்பிரிவு, விமானத்தின் வகை, தொழிற்சாலை எண், குழுவினரின் பெயர்கள், ஒவ்வொருவரும் இறந்தாரா, காயமா, காணவில்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். போரின் கடைசிக் கட்டத்துப் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

இது தவிர தனி நபர் அட்டைகள். 1939-ல் தொடங்கப்பட்ட பெர்லின் தகவல் அலுவலகத்தில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் சேர்ந்தன. 2019 முதல் இவை ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன.

வீரர்கள் கழுத்தில் அணிந்த அடையாளத் தகடும் முக்கியம். நீள்வட்டத் தகடு, நடுவில் உடைப்பதற்கு வசதியாகத் துளைகள். இரண்டு பாதியிலும் ஒரே எண். இறந்தால் ஒரு பாதி உடலோடு போகும், மறு பாதி உடைத்து எடுக்கப்படும். அந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கான பட்டியல்களும் பெர்லினில் இருந்தன.

பிரிட்டிஷ் பாதி

விழுந்த விமானங்களை பிரிட்டிஷ் விமானப்படையின் உளவுப் பிரிவு ஆராய்ந்தது. உயிரோடு பிடிபட்டவர்களை விசாரித்தது. அந்த அறிக்கைகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் குறியீடே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உதாரணமாக 'யு5+எச்எஸ்'. இதில் யு5 என்றால் 2-வது குண்டுவீச்சுப் படையணி. கடைசி எழுத்து எஸ் அதன் எட்டாவது பிரிவு. நடுவில் உள்ள எச் அந்தத் தனி விமானம்.

கவனிக்க வேண்டியவை

ஒன்று, இறந்த தேதி. போருக்குப் பின் ஜெர்மன் சட்டப்படி, காணாமல் போன பலர் 1945 டிசம்பர் 31 அன்று இறந்ததாக அறிவிக்கப்பட்டார்கள். 1941-ல் காணாமல் போனவருக்கும் காகிதத்தில் இந்தத் தேதி இருக்கலாம்!

இரண்டு, கல்லறை. 1959 ஒப்பந்தத்துக்குப் பின் பிரிட்டனில் ஆங்காங்கே புதைக்கப்பட்டிருந்த ஜெர்மானியர்கள் பலரை எடுத்து, கேனக் சேஸ் என்ற இடத்தில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். 1967-ல் திறக்கப்பட்ட அங்கே இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 5000 பேர் இருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் பராமரித்த இடங்களில் இருந்தவர்களை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். எனவே இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

நான்காவது ஆள்

மேலே சொன்ன யு5+எச்எஸ் உண்மையான விமானம்தான். டோர்னியர் 217 வகை, உள்ளே நான்கு பேர். 1942 ஜனவரி 15 அன்று வடகிழக்கு இங்கிலாந்தில், தாழப் பறக்கும் விமானங்களைத் தடுக்கக் கட்டியிருந்த ராட்சத பலூனின் எஃகுக் கம்பியில் மோதி, மிடில்ஸ்பரோ அருகே சவுத் பேங்க் ரயில் பாதை மீது விழுந்தது. மூன்று உடல்கள் கிடைத்தன. தோர்னபியில் அடக்கம் செய்தார்கள். ரயில் ஓட வேண்டுமே! பள்ளத்தை மூடிவிட்டார்கள். நான்காவது வீரர் 'காணவில்லை' பட்டியலிலேயே தங்கிவிட்டார்.

1997-ல் அந்த இடத்தில் வேறு வேலைக்காகத் தோண்டியபோது விமானத்தின் பாகங்களும் மனித எலும்புகளும் வெளியே வந்தன. குழுவில் நான்கு பேர், மூவருக்குக் கல்லறை உண்டு. அப்படியானால் இவர் யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். ஜெர்மன் பட்டியலில் இருந்த பெயரும் இங்கிலாந்து மண்ணில் கிடந்த எலும்பும் 55 ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்று சேர்ந்தன. 1998 அக்டோபரில் ராணுவ மரியாதையுடன் தன் தோழர்கள் பக்கத்திலேயே அவர் அடக்கமானார்.

குண்டு போட வந்தவரை இத்தனை சிரமப்பட்டு ஏன் தேட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் குண்டுகளால் செத்தவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. ஆனால் ஒருவர் என்ன ஆனார் என்று கண்டுபிடிப்பது அவரை மன்னிப்பது ஆகாது. "காணவில்லை" என்ற சொல்லோடு ஒரு வீடு வருடக்கணக்கில் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை முடித்து வைக்க ஒரு தேதியும் ஓர் இடமும் போதும். தாக்குதலைப் பார்த்த அதே ஊர்ப்பகுதிதான் அந்த நான்காமவருக்கு அதைக் கொடுத்தது.