சாவி யாரிடம் இருக்கிறது?

பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான். புனே வீட்டு ஹாலில் கல்லூரி புரோஷர்கள் குவிந்து கிடக்கின்றன. எதைப் புரட்டினாலும் ஒரு பக்கத்தில் பளபளவென்று 3டி பிரிண்டர் படம், கீழே 'மேக்கர்ஸ்பேஸ்' என்று கொட்டை எழுத்து. "அப்பா, இங்க எல்லாமே இருக்கு பாருங்க" என்கிறான். எனக்கு ஒரே சந்தேகம்தான். அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும்?

ஏன் இந்தக் கேள்வி என்றால், என் கதை அப்படி. தொண்ணூறுகளில் கோவைப் பக்கம் மெக்கானிக்கல் படித்தேன். முதல் வருடம் ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகட்டை அரத்தால் ராவிப் பொருத்தியதோடு சரி. அதன்பிறகு லேத்தைத் தொட வேண்டுமானால் கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, காரணம் சொல்ல வேண்டும். கடைசி வருட புராஜெக்ட்டை நாலு பேர் காசு போட்டுக் கடையில் வாங்கினோம். மார்க்கும் நன்றாகவே வந்தது! தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கிற ஊரில், கையில் கிரீஸ் படாமல் ஒரு இன்ஜினியர் வெளியே வந்தான். இன்றைக்கும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த மேக்கர்ஸ்பேஸ் சமாசாரம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1998-ல் நீல் கெர்ஷென்ஃபெல்டு என்ற பேராசிரியர் ஒரு வகுப்பு தொடங்கினார். 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி' என்பதுதான் பாடத்தின் பெயரே. ஆராய்ச்சி மாணவர்கள் பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தார். வந்தது நூறு பேர் அளவில்! ஓவியம் படித்தவர், கட்டடக்கலை படித்தவர் எல்லாம் வரிசையில் நின்றார்கள். ஒரு மாணவி, வாய்விட்டுக் கத்த முடியாத இடத்தில் கத்திக்கொள்ள ஒரு பை செய்தார். கத்தலைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய இடத்தில் வெளியே விடும் பை அது. யாரும் கேட்காத பொருள்தான். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது, அவரே செய்துகொண்டார்.

2001-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு அங்கே இதற்கென ஒரு மையம் வந்தது. லேசர் வெட்டும் கருவி, சின்ன மில்லிங் மெஷின், சர்க்யூட் செய்யும் சாமான்கள் எல்லாம் அடங்கிய ஒரு தொகுப்பை 'ஃபேப் லேப்' என்று வெளியூர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எம்.ஐ.டி.க்கு வெளியே முதல் ஃபேப் லேப் எங்கே வந்தது தெரியுமா? 2002-ல், நான் இருக்கிற இந்தப் புனே மாவட்டத்திலேயே, மழை குறைந்த பாபல் கிராமத்தில். அங்கே விஞ்ஞான் ஆசிரமம் என்ற பள்ளியை டாக்டர் கல்பாக் 1983-லேயே தொடங்கியிருந்தார். அமெரிக்காவில் டாக்டர் பட்டம், இந்துஸ்தான் லீவரில் ஆராய்ச்சி வேலை, எல்லாம் பார்த்துவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்கு வெல்டிங், மின்வேலை, விவசாயம் என்று செய்ய வைத்தே சொல்லிக்கொடுத்தார். பழைய ஜீப் உதிரிபாகங்களை வைத்துச் சின்ன டிராக்டரே செய்திருக்கிறார்கள்! லேசர் மெஷின் வருவதற்குப் பல வருடம் முன்பே அந்தப் பட்டறை பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது. 2003-ல் கல்பாக் காலமானார். பள்ளி தொடர்ந்து நடக்கிறது.

பிறகு சாமான்களும் மலிந்தன. இத்தாலியின் இவ்ரியாவில் ஒரு டிசைன் பள்ளியிலிருந்து 2005-ல் ஆர்டுயினோ போர்டு வந்தது. அதே வருடம் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தன் பாகங்களைத் தானே அச்சிடும் பிரிண்டர் திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2009-ல் முக்கியமான ஒரு 3டி பிரிண்டர் காப்புரிமை காலாவதியானதும், விலை மளமளவென்று இறங்கியது.

நம்ம ஊரிலும் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1981-ல் படிப்பு முடித்தவர்களின் நன்கொடையில் 2008-ல் 'சென்டர் ஃபார் இன்னொவேஷன்' வந்தது. மாணவர்களே நடத்தும் பட்டறை, ராத்திரியிலும் வேலை நடக்கும். யோசனையோடு உள்ளே வா, பொருளோடு வெளியே போ என்பதுதான் அவர்களுடைய வாசகம். இந்தச் செய்தியைப் படித்தபோது சந்தோஷத்தோடு கொஞ்சம் பொறாமையும் வந்தது என்பதை மறைப்பானேன்!

இந்தக் கதை முழுக்க நான் பார்த்தது ஒன்றுதான். மெஷினுக்கு விலை உண்டு, இன்று இல்லாவிட்டால் நாளை வாங்கிவிடலாம். மாணவனை நம்பிக் கதவைத் திறந்துவிடுவதுதான் கஷ்டம். திறந்தவர்கள் பிள்ளைகள் கெடுக்கும் தகட்டையும் உடைக்கும் பிட்டையும் படிப்புச் செலவாகவே கணக்கு வைத்தார்கள். என் கல்லூரியிலும் லேத் இருந்தது. அதன் மேல் துணிதான் போர்த்தியிருந்தது.

அதனால் பையனிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்குமா? முதல் வருடப் பிள்ளை தொடலாமா? பிட் உடைந்தால் யார் காசு கொடுப்பது?

இரண்டு கல்லூரிக்குப் போன் போட்டான். ஒன்றில், "அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம் தம்பி" என்றார்கள். இன்னொன்றில் போனை எடுத்தது ஒரு மாணவன். மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு, "சரி, நீ என்ன செய்யணும்னு நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டானாம்.

பையன் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். உங்கள் வீட்டிலும் புரோஷர் குவிந்திருந்தால், போனை எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.