வானொலிப் பெட்டிக்குள் ஒரு பென்சில் எழுத்து

வானொலியில் பேச வருபவர்கள் வானொலிப் பெட்டியைப் பற்றிப் பேசுவது அரிது. குரல் வந்து சேர்ந்தபின் அது வந்த பெட்டியை யார் நினைக்கிறார்கள்? இன்று அந்தப் பெட்டியைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். பகலில் வகுப்பறையில் நன்னூல் நடத்துகிறேன். மாலையானதும் வீட்டுப் பின்விறாந்தையில் ஈயம் உருக்கும் கோலுடன் உட்கார்ந்துவிடுகிறேன். பழைய வால்வு வானொலிகளைத் தேடிச் சேர்த்து அவற்றை மீண்டும் பேசவைப்பது 2011 முதல் என் பொழுதுபோக்கு. இப்போது என்னிடம் ஏழு பெட்டிகள் உள்ளன. அவற்றுள் ஆறு, பழைய இரும்பு வாங்குபவர்களிடம் நிறுவைக் கணக்கில் வாங்கியவை. மற்றையது எங்கள் வீட்டுப் பெட்டி. அதன் கதையைச் சொல்வதற்குமுன் இந்த நாட்டின் ஒலிபரப்புக் கதையைச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் ஒன்றினுள் மற்றது இருக்கிறது.

1923 இல் எட்வேட் ஹாப்பர் என்ற பொறியியலாளர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டுப் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே அந்த ஒலிபரப்பி ஆக்கப்பட்டதென ஒலிபரப்பு வரலாறு கூறும். 1925 டிசம்பர் 16 இல் வெலிக்கடையிலிருந்து முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்காசியாவில் போரிட்ட நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் இன்னொரு நிலையம் இயங்கியது. 'ரேடியோ சீக்' என்பது அதன் பெயர். அதன் வலுமிக்க சிற்றலை ஒலிபரப்பி 1949 இல் இலங்கையின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வர்த்தக சேவை தொடங்கியது. போருக்கென வந்த கருவி பாட்டுக்குப் பயன்பட்டது.

1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களை ஒதுக்கத் தலைப்பட்டார். 1957 ஒக்டோபரில் 'விவித் பாரதி' பிறக்கும்வரை, திரைப்பாடல் கேட்க விரும்பிய இந்திய நேயர்கள் தம் பெட்டிகளின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். மயில்வாகனன், பின்னாளில் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா முதலானோரின் குரல்கள் பாக்கு நீரிணையின் இருமருங்கும் வீட்டுக் குரல்களாயின.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பிலிப்ஸ் பெட்டி. 1950களின் இறுதியில் பாட்டனார் வாங்கியது. மெருகிட்ட மரப்பெட்டி, பொன்னிறத் துணி போர்த்திய முகம், கண்ணாடித் தட்டில் இலண்டன், பாரிஸ், ஹில்வர்சம் என ஊர்ப் பெயர்கள். நிலையம் சரியாகப் பிடிபட்டால் விசிறிபோல் விரியும் பச்சைக் கண் ஒன்றும் இருந்தது. மாலையில் மரண அறிவித்தல் கேட்க அயலார் எங்கள் விறாந்தைக்கு வருவார்களாம். நான் 1980 இல் பிறந்தவன். இதையெல்லாம் அம்மா சொல்லக் கேட்டவன்.

நான் நேரில் அறிந்தது அதன் மௌனத்தை. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தை ஒரு டயோட் வழியாகச் சிறிய டிரான்சிஸ்டர் வானொலிக்குக் கொடுத்துத்தான் செய்தி கேட்டோம். எங்கள் வீட்டில் பெடல் சுற்றுவது என் வேலை. இரவு ஒன்பதேகாலுக்கு பீ.பீ.சி. தமிழோசை. கை சோர்ந்தால் இலண்டன் தேய்ந்துபோகும். "சுத்தடா தம்பி, சுத்து" என்பார் அப்பா. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்தது என்பதெல்லாம் என் மணிக்கட்டைப் பொறுத்திருந்த காலம் அது.

"பெரிய றேடியோவுக்கும் இப்பிடிச் சுத்தினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். அப்பா சிரித்தார். காரணம் இப்போதுதான் கணக்காகத் தெரியும். சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வாட் மின்சாரம் தருவது. பெரிய பெட்டியில் ஒலியைப் பெருக்கும் ஈஎல் 84 என்ற வால்வின் இழையைச் சூடாக்க மட்டும் ஏறக்குறைய 5 வாட் வேண்டும். நான் எவ்வளவு சுற்றினாலும் ஒரு வால்வுகூட முழுதாக ஒளிர்ந்திராது. ஆகவே சின்னது பேசியது. பெரியது துணி போர்த்தபடி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அப்பா அதன் தூசியைத் துடைப்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரோடும் நாங்களும் வெளியேறினோம். டிரான்சிஸ்டர் என் பைக்குள் தென்மராட்சிக்கு வந்தது. பெரிய பெட்டியைத் தூக்க ஆளில்லை. 1996 இல் திரும்பிவந்தபோது அது விறாந்தையில் குப்புறக் கிடந்தது. பின்பலகை இல்லை. முகத்துணி கிழிந்திருந்தது. உள்ளே குளவிக் கூடு. அப்பா அதை நிமிர்த்தி, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தார். மின்சாரம் மீண்டும் வந்தது. ஆனால் வால்வு வானொலிக்குப் பாகம் இல்லையெனக் கடைகளில் கையை விரித்தார்கள். 2003 இல் அப்பா காலமானார். அதுவரை அந்தப் பெட்டி பேசவில்லை.

இந்தக் கலையை நான் கற்றது ஒரு தவறிலிருந்து. முதன்முதலில் இரும்புக்கடையில் வாங்கிய பெட்டியை அன்றிரவே மின்சாரத்தில் செருகினேன். இரண்டு நிமிடத்தில் கருகல் மணம், மின்மாற்றி எரிந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு, முன்னர் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் போனேன். எழுபது கடந்தவர். பெட்டியை மோந்து பார்த்தார்.

"தம்பி, எடுத்தவுடனை பிளக்கைக் குத்திப் போடாதேங்கோ. முப்பது வருசம் பாயிலை கிடந்த மனுசனை எழுப்பி ஓடச் சொன்னால் என்ன நடக்கும்?"

அவர் எனக்கு ஆசிரியரானார். பழைய பெட்டியில் முதலில் கெடுவது வால்வு அல்ல, கொண்டென்சர் என்று காட்டினார். மெழுகுத் தாள் சுற்றிய கொண்டென்சர்கள் காலப்போக்கில் ஈரம் உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். அந்தக் கசிவு ஒலிபெருக்கும் வால்வை அடைந்தால் அது அளவுமீறிச் சூடேறி அழியும். ஆகையால் முதலில் அவற்றைச் சோதித்து மாற்றவேண்டும். பின்னர் இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியே மின்சாரம் கொடுக்கவேண்டும். உள்ளே பழுதிருந்தால் பல்ப் பிரகாசமாக எரிந்து எச்சரிக்கும், பெட்டி தப்பும். உள்ளே 250 வோல்ற் அளவு நேர்மின்சாரம் நிற்பதால், செருகியைக் கழற்றிய பின்பும் சேமிப்புக் கொண்டென்சரில் இருப்பதை வடித்துவிட்டுத்தான் கைவைக்கவேண்டும்.

வால்வுகளின் பெயர்களைப் படித்தபோது எனக்கு நன்னூல் நினைவு வந்தது. ஈசிஎச் 81 என்ற பெயரைப் பகுபதம்போலப் பிரிக்கலாம். 'ஈ' என்பது 6.3 வோல்ற்றில் சூடாகும் இழையைக் குறிக்கும். 'சி' மூன்று மின்வாய் உடைய டிரையோட் பகுதி. 'எச்' பல மின்வாய்கள் கொண்ட கலக்கும் பகுதி. '8' ஒன்பது கால்கள் கொண்ட அடித்தளம். இறுதி எண் வரிசை குறிப்பது. ஐரோப்பிய வால்வுகளுக்கு இந்த இலக்கணம் பொது. பகுதி, விகுதி தெரிந்தவனுக்குப் புதிய சொல்லும் பொருள்படுவதுபோல, இது தெரிந்தால் முன்பின் காணாத வால்வின் தொழிலும் விளங்கிவிடும்.

ஓராண்டு பழகிய பின்னர்தான் அப்பாவின் பெட்டியைத் தொட எனக்குத் துணிவு வந்தது. 2012 இல் ஒரு விடுமுறை நாளில் அதன் உலோகத் தட்டை வெளியே இழுத்தேன். அப்போது பெட்டியின் உட்பலகையில் பென்சில் எழுத்தொன்று தெரிந்தது:

"12.3.74. கொண்டென்சர் 2 மாற்றியது. கிடைத்ததைப் போட்டது."

தட்டைத் திருப்பிப் பார்த்தேன். மற்றைய பாகங்களோடு ஒட்டாத இரண்டு கொண்டென்சர்கள் அங்கே இருந்தன. ஒன்று வேறொரு நாட்டுப் பெட்டியிலிருந்து கழற்றியது, அளவில் பெரிது, இடம் போதாமல் நூலால் கட்டி மெழுகு ஊற்றியிருந்தது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை அறிந்தவர்களுக்கு அந்த நூல்கட்டின் பொருள் புரியும். வெளிநாட்டுப் பாகம் வராத காலத்தில், பெயர் எழுதாத ஒரு திருத்துநர் இருந்ததைக் கொண்டு பெட்டியைப் பேசவைத்திருக்கிறார். செய்த வேலை தமக்கே நிறைவில்லை என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்.

இங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. பழைய வானொலி திருத்துவோரிடையே ஒரு கொள்கை உண்டு: தொழிற்சாலை வரைபடத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் மீட்டுவிடவேண்டும். அப்படிச் செய்தால் 1974 அழிந்துவிடும். எழுத்தையும் மெருகோடு தேய்த்துவிடவேண்டும். பெட்டி, பாட்டனார் வாங்கிய நாளில் இருந்ததுபோல் ஆகும்; இடையில் அது எங்கள் வீட்டில் வாழ்ந்த வாழ்வு இராது. ஒன்றையும் தொடாமல் விட்டாலோ அது என்றும் ஊமை.

தமிழாசிரியனுக்கு இது புதிய சிக்கல் அன்று. சிறுப்பிட்டி தந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர்முன் கிடந்தவை செல்லரித்த ஏடுகள். நல்ல பதிப்பாசிரியன் மூலத்தைப் படிக்கத் தருகிறான். ஆனால் பாடபேதத்தை மறைப்பதில்லை. ஏட்டைப் படியெடுத்தவன் இறுதியில் நாளும் குறித்து, பிழை பொறுக்கும்படி எழுதிவைத்தால் அதையும் எறிந்துவிடுவதில்லை. "கிடைத்ததைப் போட்டது" என்ற எழுத்து எனக்கு அத்தகைய ஏட்டுக் குறிப்பாகவே பட்டது.

முடிவில் இப்படிச் செய்தேன். பழைய கொண்டென்சர்களின் கூட்டை மெல்லச் சூடாக்கி, உள்ளீட்டை உருவி எடுத்தேன். அவற்றின் வயிற்றில் இக்காலத்துச் சிறிய கொண்டென்சரை வைத்து மீண்டும் மெழுகால் மூடினேன். 1974 இன் அந்த இரண்டுக்கும் அவ்வாறே செய்து, நூலையும் திரும்பக் கட்டினேன். கண்ணுக்குப் பழையது, தொழிலுக்குப் புதியது. என் முதிய ஆசிரியர் இதைக் கண்டு சிரித்தார்.

"உள்ளுக்கை ஆர் தம்பி பாக்கப்போகினம்?"

பென்சில் எழுத்தைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அந்த நாளையிலை நாங்கள் எல்லாரும் இப்பிடி எழுதுறனாங்கள். அடுத்துத் திறக்கிறவன் அறியவேணும் எண்டு. நீங்களும் எழுதிவிடுங்கோ."

எழுதினேன். நாளும், மாற்றிய பாகங்களும். 1974 இன் கீழே 2012.

அன்றிரவு தொடர் பல்ப்பின் வழியே மின்சாரம் கொடுத்தேன். பல்ப் ஒருமுறை மினுங்கி மங்கியது, பழுதில்லை. வால்வு சூடேற அரை நிமிடம் செல்லும். முதலில் மெல்லிய இரைச்சல். பிறகு பச்சைக் கண் விரிந்தது. கடலுக்கு அப்பாலிருந்து திருச்சி வானொலி வந்தது. குசினியிலிருந்த அம்மா கையைத் துடைத்தபடி வந்தார். அப்பாவின் சாய்மனைக் கதிரை காலியாக இருந்தும் அதில் இருக்கவில்லை. முன்னர் தாம் இருக்கும் வாசற்படியிலேயே இருந்தார். சற்று நேரம் கேட்டுவிட்டு, "நியூஸ் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

நேயர்களே, அந்தப் பெட்டி இப்போதும் வேலை செய்கிறது. ஆனால் அது கேட்கக்கூடிய குரல்கள் குறைந்துவருகின்றன. உள்ளூர் நிலையங்கள் பலவும் பண்பலைக்குச் சென்றுவிட்டன. என் பெட்டியில் பண்பலை இல்லை. நான் பெடல் சுற்றிக் கேட்ட தமிழோசை 1941 இல் ஆரம்பித்தது. அதன் வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றுபோயிற்று. அன்று குரல் இருந்தது, மின்சாரம் இல்லை. இன்று மின்சாரம் இருக்கிறது. உள்ளே இருப்பதை வழித்தெறிந்துவிட்டுக் கைத்தொலைபேசிப் பாட்டைக் கேட்கும் கருவி வைத்துத் தருவதாக ஒரு பழைய மாணவன் அன்போடு கேட்டான். வேண்டாமென்றேன். இரவில் முள்ளை மெல்லத் திருப்பினால் ஏதோ ஒரு மூலையில் இன்னும் யாரோ பேசுகிறார்கள். அது எனக்குப் போதும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி கிடக்கலாம். மின்சாரத்தில் செருகிவிடாதீர்கள். இரும்புக்காரருக்குக் கொடுப்பதாயிருந்தாலும், அதற்குமுன் பின்பலகையைக் கழற்றி, ஒரு விளக்கைப் பிடித்து உட்பலகையைப் பாருங்கள். யாராவது எதையாவது எழுதிவைத்திருப்பார்கள்.