'எனக்கொண்ணுமில்ல': நோயைச் சொல்லும் உரிமை பற்றி

1944. வங்கப் பஞ்சம் முடிந்தும் முடியாத காலம். பட்டினிச் சாவுகள் குறைந்த பிறகும் மலேரியாவும் காலராவும் அம்மையும் ஆட்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில், அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஜனங்களிடம் அவரவர் உடல்நிலை பற்றிக் கேட்கப்பட்டது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்களுக்கு நோய் என்றோ உடம்பு சுமார் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். 'சுமார்' என்ற கட்டத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் ஆண்கள் 45.6 சதவீதம், பெண்களில் ஒருவர்கூட இல்லை.

பஞ்சத்தில் கைம்பெண்கள் மட்டும் திடகாத்திரமாக இருந்தார்களா என்ன? வங்காளத்து உயர்சாதி இந்துக் குடும்பங்களில் விதவைக்கு மீன் கிடையாது, ஒருவேளைச் சோறு, ஏகாதசிக்குப் பட்டினி. பஞ்சம் இல்லாத வருஷத்திலேயே இந்த நிலை. 1980களில் அமர்த்திய சென் இந்த அட்டவணையை மறுபடி எடுத்துப் பேசினார். இல்லாமைக்குப் பழகிப்போனவர்கள் தங்கள் இல்லாமையை உணர்வதும் சொல்வதும் குறைந்துபோகிறது என்பது அவருடைய வாதம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் அடித்துப் படுத்துக் கிடந்தால் அதை யாரும் மறைக்க முடியாது. 'சுமார்' அப்படியல்ல. இப்போது இருப்பதைவிட நன்றாக இருந்திருக்கலாம், இருக்கத் தனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறவர்தான் 'சுமார்' என்று சொல்ல முடியும். தன் உடம்பைத் தனக்குரியதாக நினைக்கவே விடப்படாத ஒருத்தி அந்தக் கட்டத்தில் தன்னை எப்படி வைத்துக்கொள்வாள்? அந்தப் பூஜ்யம் நலத்தின் அளவு அல்ல. அதிகாரம் ஒரு உடம்புக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதன் அளவு.

சுதந்திர இந்தியாவில் இந்தக் கேள்வியைத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடர்ந்து கேட்டுவந்திருக்கிறது. 1995-96இல் 52ஆம் சுற்று, 2004இல் 60, 2014இல் 71. 'கடந்த பதினைந்து நாளில் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா?' என்பது கேள்வியின் சாரம். 2014இல் கேரளக் கிராமங்களில் ஆயிரத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் 'ஆமாம்'. பீகார் கிராமங்களில் அறுபது பேருக்கும் குறைவு. அதே 2014இல் குழந்தை இறப்பு, ஆயிரம் பிறப்புக்குக் கேரளாவில் 12, பீகாரில் 42. சாவுக் கணக்கு ஒன்று சொல்கிறது, நோய்க் கணக்கு அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. கேரளாவில் முதியவர்கள் அதிகம், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் ரத்தக்கொதிப்பு என்று ஒன்று இருப்பது, யாரோ ஒருவர் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தால்தானே தெரியும்? பார்க்க ஆள் இல்லாத ஊரில் ரத்தக்கொதிப்பும் இல்லை.

இன்னொன்று: பதில் சொல்பவர் யார்? வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. ஒருவர் சொல்லும் பதில் மற்றவர்களுடைய பதிலாகவும் பதிவாகலாம். திண்ணையில் இருக்கிற ஆம்பளை, உள்ளே இருக்கிறவளுக்காக, 'அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா' என்று சொல்லிவிட்டால், 'தன் உடல்நிலை பற்றிய சொந்த மதிப்பீடு' என்ற தலைப்பின் கீழ் ஏறுவது யாருடைய சொந்தம்?

ஆம்பளை பேசாமல் அவளே பேசினாலும் சிக்கல் தீர்வதில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் ஆகிய மருத்துவர்கள் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 1989இல் வெளியாயின. ஏதாவது தொந்தரவு உண்டு என்று சொன்னவர்கள் 55 சதவீதம். பரிசோதனையில் கருப்பை, பிறப்புறுப்பு சார்ந்த நோய்கள் கண்டறியப்பட்டவர்கள் 92 சதவீதம். அதற்கு முன் இந்த நோய்களுக்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்தான். வெள்ளைப்படுதலும் இடுப்புவலியும் 'பொம்பளைன்னா இருக்கறதுதான்' என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் கரைந்துபோகின்றன. அந்த வாக்கியம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அப்படியானால் ஜனங்கள் சொல்வதற்கு மதிப்பே இல்லை, டாக்டர் சொல்வதுதான் உண்மை என்று முடித்துக்கொள்ளலாமா? வெள்ளைக்கோட்டு அறிவுக்கு இது வசதியான முடிவு. வரலாறு அதற்கும் இடம் தரவில்லை. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 1971 முதல் முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1982இல் வெளிவந்தது. தன் உடல்நிலை மோசம் என்று சொன்னவர்கள், மிக நன்று என்று சொன்னவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சீக்கிரமாகச் சாகும் அபாயத்தில் இருந்தார்கள். மருத்துவப் பதிவுகளில் இருந்த நோய்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். 1997இல் ஐட்லரும் பென்யாமினியும் இப்படிப்பட்ட 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் அதே போக்கு தென்பட்டது. பரிசோதனைக் கருவிகளுக்கு எட்டாத ஏதோ ஒன்று உடம்புக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தியாவிலும் சென்னின் வாதத்தை அப்படியே ஏற்க முடியாது என்று 2009இல் எஸ்.வி. சுப்பிரமணியனும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். மாநிலத்தை மாநிலத்தோடு ஒப்பிடாமல் ஆளை ஆளோடு ஒப்பிட்டால், வறியவர்களும் படிக்காதவர்களும்தான் தங்கள் உடல்நிலை மோசம் என்று அதிகம் சொல்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஏழைக்குத் தன் வலி தெரியாது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தத் தீர்ப்பிலும் ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது.

ஆக, 'சொந்த மதிப்பீடு' பொய்யுமல்ல, கலப்படமில்லாத மக்கள் குரலும் அல்ல. வலி, அந்த வலிக்கு ஒரு பெயர், அதைக் கேட்க ஒரு காது, கேட்டபின் கிடைக்கும் ஒரு மாத்திரை எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு சொல்லை உண்டாக்குகின்றன. மருந்து கிடைக்காத இடத்தில் நோயைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? 'என்னத்தைச் சொல்ல' என்று வாயை மூடிக்கொள்வதும் அனுபவத்திலிருந்து வரும் முடிவுதான். ஆஸ்பத்திரி வந்த பிறகு ஓர் ஊரில் 'நோயாளிகள்' கூடுவது இதனால்தான். அதைச் சீரழிவு என்று படிப்பதும், நோய் சொல்லாத ஊரில் தேவை இல்லை என்று நிதியை வேறு பக்கம் திருப்புவதும் ஒரே தவறான வாசிப்பின் இரண்டு முகங்கள்.

விளிம்பின் குரலைக் கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நாமும் கிராமங்களுக்குப் போகிறோம், படிவம் நிரப்புகிறோம், அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறோம். 'எனக்கொண்ணுமில்ல' என்றாள், 'ஒண்ணுமில்லை' என்று எழுதினோம். அவள் எப்போது தூங்கினாள், எதைச் சாப்பிட்டாள், எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை, இதை யார் முன்னால் சொல்ல முடியாது என்பதையும் கேட்டிருக்க வேண்டும். வீட்டு ஆம்பளை வெளியே போகும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். கேட்டபின் பரிசோதனைக்கு ஓர் இடமும் மருந்தும் இருக்கும்படி சண்டை போட்டிருக்க வேண்டும். சிங்கூரின் அந்தப் பூஜ்யத்தை எழுதியவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். சொன்னதைத்தானே எழுதினார்.