பாய்சா (1946)

இரண்டாம் உலகப் போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில், இத்தாலிக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்களும் அந்நாட்டு மக்களும் ஒருவரை ஒருவர் எதிர்கொண்ட விதத்தை ஆறு தனிக் கதைகளாகச் சொல்லும் கருப்பு வெள்ளைத் திரைப்படம். இயக்கியவர் ராபர்ட்டோ ரோசெல்லினி. 1945இல் வந்த ‘ரோம், திறந்த நகரம்’, 1948இல் வந்த ‘ஜெர்மனி, பூஜ்ய ஆண்டு’ ஆகியவற்றோடு சேர்த்து இதை அவருடைய போர்ப்பட வரிசையின் நடுப்படமாகக் கொள்வது வழக்கம். மூன்றில் முதற்படமே அதிகம் பேசப்படுகிறது. நியோரியலிசம் எனும் இத்தாலிய யதார்த்தவாதத்தின் இயல்பு முழுமையாக வெளிப்பட்டது ‘பாய்சா’வில்தான் என்று கருதும் விமர்சகர்களும் கணிசமாக உண்டு.

இந்த வரிசைக்கு முன் ரோசெல்லினி எடுத்த மூன்று போர்ப்படங்களைப் பற்றிப் பல நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ‘வெள்ளைக் கப்பல்’ (1941), ‘ஒரு விமானி திரும்புகிறான்’ (1942), ‘சிலுவையின் மனிதன்’ (1943) ஆகிய மூன்றும் முசோலினி ஆட்சிக்காலத்தில் எடுக்கப்பட்டவை. இரண்டாவதன் கதையில் முசோலினியின் மகன் வித்தோரியோவுக்கும் பங்கு இருந்தது. அவற்றை வெறும் பிரச்சாரப் படங்கள் என்று தள்ளுவோரும் உண்டு, பின்னால் வந்த பாணியின் விதை அங்கேயே கிடக்கிறது என்போரும் உண்டு. ‘வெள்ளைக் கப்பல்’ படத்தில் தொழில்முறை நடிகர்களுக்குப் பதிலாகக் கடற்படையினரே நடித்தார்கள் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

‘பாய்சா’வின் ஆக்கம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ரோமில் பணியாற்றிய ராட் கெய்கர் எனும் அமெரிக்கப் படைவீரர் ‘ரோம், திறந்த நகரம்’ படத்தின் பிரதியை நியூயார்க்குக்குக் கொண்டுசென்றார். 1946 தொடக்கத்தில் அங்கே வெளியான படம் நன்றாக ஓடியது. அடுத்த படத்துக்கு அமெரிக்க நடிகர்களைக் கூட்டிவரும் பொறுப்பையும் கெய்கர் ஏற்றார். ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரங்கள் வருவதாக அவர் வாக்களித்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் நினைவுக்குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. வந்தவர்கள் அதிகம் அறியப்படாதவர்கள்: ஹாரியட் ஒயிட், கார் மூர், டாட்ஸ் ஜான்சன், பில் டப்ஸ், டேல் எட்மண்ட்ஸ். படத்துக்கு அது நன்மையாகவே முடிந்தது. பழகிய முகம் ஒன்றேனும் இருந்திருந்தால், சீருடை அணிந்த ஒரு பையனாக அவரை எந்தப் பார்வையாளரும் நம்பியிருக்க மாட்டார்.

கதை யாருடையது என்பதும் சிக்கலான கேள்வி. நாவலாசிரியர் தாமஸ் மானின் மகன் கிளவுஸ் மான் தொடக்கத் திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்தார். ஆல்ஃபிரட் ஹேய்ஸ், செர்ஜியோ அமிடெய், மார்ச்செல்லோ பாலியெரோ, ஃபெடரிகோ ஃபெலினி எனப் பலர் எழுதினர். ஃபிளாரன்ஸ் கதையில் அந்நகரத்து எழுத்தாளர் வாஸ்கோ பிரதோலினியின் கையும் உண்டு. எழுதியதெல்லாம் படப்பிடிப்புக்குப் போன இடங்களில் மாறிக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்களிடம் பேசிக் கேட்டு, அவர்கள் பேசும் விதத்திலேயே வசனம் திருத்தப்பட்டது. அப்போது 26 வயதான ஃபெலினி உதவி இயக்குநராகவும் இருந்தார். ஃபிளாரன்ஸ் கதையில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கயிறு கட்டித் தண்ணீர்க் குடுவையை இழுக்கும் காட்சியைத் தானே எடுத்ததாக அவர் பிற்காலத்தில் சொன்னதுண்டு. ஒளிப்பதிவு ஒதெல்லோ மார்தெல்லி. இசையமைத்தவர் ரோசெல்லினியின் தம்பி ரென்சோ ரோசெல்லினி.

கதைகள் தெற்கிலிருந்து வடக்காக, நேசப்படைகள் முன்னேறிய பாதையிலேயே நகர்கின்றன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் செய்திப்படத் துண்டுகளும் அறிவிப்பாளர் குரலும் வருகின்றன.

முதற்கதை 1943 ஜூலையில் சிசிலியில் படைகள் கரையிறங்கிய இரவில் நடக்கிறது. கார்மெலா எனும் ஊர்ப்பெண் அமெரிக்க வீரர்களுக்கு வழிகாட்ட வருகிறாள். பாழடைந்த கோட்டையில் அவளையும் ஜோ எனும் வீரனையும் விட்டுவிட்டு மற்றவர்கள் போகிறார்கள். அவனுக்கு இத்தாலியன் தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தும் பேசுகிறார்கள். குடும்பப் புகைப்படத்தைக் காட்டுவதற்காக ஜோ லைட்டரைப் பற்றவைக்கிறான். அந்தச் சிறு வெளிச்சத்தைக் குறிபார்த்து ஜெர்மானியர்கள் சுட்டுவிடுகிறார்கள். கார்மெலா அவனுடைய துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டு, தானும் கொல்லப்படுகிறாள். திரும்பிவரும் அமெரிக்கர்களோ ஜோவைக் கொன்றவள் அவள்தான் என்று முடிவுகட்டுகிறார்கள். இந்தச் ‘சிசிலி’ உண்மையில் அமால்ஃபி கடற்கரையிலுள்ள மையோரி என்ற ஊர். கார்மெலாவாக நடித்த கார்மெலா சாசியோ அதற்கு முன் நடித்தவர் அல்லர்.

நேப்பிள்ஸ் கதையில் கருப்பினத்தைச் சேர்ந்த ராணுவக் காவலர் ஒருவர் குடிபோதையில் ஒரு தெருச் சிறுவன் கையில் சிக்குகிறார். இருவரும் பொம்மலாட்டக் கொட்டகைக்குள் நுழைகிறார்கள். மேடையில் வெள்ளை வீரன் பொம்மை மூர் இனத்து வீரன் பொம்மையை அடிக்கிறது. காவலர் பாய்ந்து ஏறி மூருக்காகச் சண்டை போடுகிறார். பிறகு இடிபாட்டுக் குவியல் ஒன்றில் உட்கார்ந்து, நியூயார்க்கில் தனக்குக் கிடைக்கப்போகும் வரவேற்பைக் கற்பனையில் விவரிக்கிறார். சட்டென்று குரல் மாறி, வீட்டுக்குப் போகவே விருப்பமில்லை, அது ஒரு பழைய குடிசை என்கிறார். தூங்கினால் காலணியைத் திருடிவிடுவேன் என்று சிறுவன் எச்சரிக்கிறான். அவர் தூங்கிவிடுகிறார். நாள்கள் கழித்து அவனைப் பிடித்து, காலணியை வாங்க அவன் வீட்டுக்குப் போகிறார். அது வீடில்லை. குண்டுவீச்சில் எல்லாம் இழந்தவர்கள் நூற்றுக்கணக்கில் அடைந்துகிடக்கும் குகை. பையனின் பெற்றோர் உயிருடன் இல்லை. காலணியைக் கீழே போட்டுவிட்டுக் காவலர் வண்டியில் ஏறிப் போய்விடுகிறார். படம் அமெரிக்காவில் திரைக்கு வந்தது 1948 மார்ச்சில். ராணுவத்தில் இனப்பாகுபாட்டை நீக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜூலையில்.

ரோம் கதை ஆறில் பலவீனமானது என்பது பரவலான கருத்து. விடுதலை நாளில் சந்தித்த பெண்ணையே ஆறு மாதம் கழித்து விலைமகளாகச் சந்தித்தும் அடையாளம் காணாத வீரனின் கதை அது, நாடகத்தனம் சற்றுக் கூடுதல். ஃபிளாரன்ஸ் கதையில் செவிலி ஒருத்தி, ‘ஓநாய்’ என்று பெயர் பெற்ற விடுதலைப்படைத் தலைவனான தன் பழைய காதலனைத் தேடி ஆற்றின் மறுகரைக்குப் போகிறாள். பொன்தே வெக்கியோ தவிர எல்லாப் பாலங்களையும் ஜெர்மானியர்கள் தகர்த்துவிட்டிருந்த நேரம். சிற்பங்கள் மூட்டைகட்டி வைக்கப்பட்ட ஆளில்லாத உஃபிட்சி கலைக்கூடத்தின் வழியாக அவள் ஓடும் காட்சி, போர் ஒரு நகரத்தை என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. பின்னாளில் புகழ்பெற்ற நடிகை ஜூலியெத்தா மசீனா இக்கதையில் சில நொடிகள் தலைகாட்டுகிறார்.

ஐந்தாவதான மடாலயக் கதைதான் இன்றும் தீராத விவாதத்துக்கு உரியது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், யூதர் என மூன்று ராணுவ மதகுருமார் ஒரு பிரான்சிஸ்கன் மடத்தில் தங்குகிறார்கள். கத்தோலிக்கர் அல்லாத இருவரும் மனம்மாற வேண்டுமென்று துறவிகள் உண்ணாநோன்பு இருக்கிறார்கள். கத்தோலிக்கப் பாதிரியார் அதைக் கண்டிக்கவில்லை, நெகிழ்ந்து நன்றி சொல்கிறார். இதில் ரோசெல்லினி துறவிகளின் எளிமையை மெச்சுகிறாரா, அவர்களுடைய குறுகலைக் காட்டுகிறாரா? இரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது.

கடைசிக் கதை போ ஆற்றின் கழிமுகத்தில், 1944ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடக்கிறது. உயிர்காப்பு வளையத்தில் செருகிய ஒரு பிணம், ‘விடுதலைப்படையினன்’ என்று எழுதிய பலகையுடன் ஆற்றில் மிதந்து வருகிறது. கரையோரம் மக்கள் பார்த்தபடியே நடக்கிறார்கள், எடுக்க முடியவில்லை. அமெரிக்க அதிகாரி டேலும் சிகொலானி எனும் விடுதலைப்படையினரும் படகில் போய் அதை மீட்டுப் புதைத்து, அதே பலகையை நடுகல்லாக நட்டுவிடுகிறார்கள். உணவு தந்த மீனவர் குடும்பத்தை ஜெர்மானியர்கள் கொன்றுவிட, பிணங்களுக்கு நடுவே ஒரு குழந்தை மட்டும் அழுதபடி அலைகிறது. கேமரா நாணல் உயரத்துக்கு மேல் அதிகம் எழுவதே இல்லை. தண்ணீரும் வானமும் ஒரே கோட்டில் கிடக்கின்றன, ஒளிய இடமில்லை. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பசான் 1948இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தத் தொடுவானக் கோட்டைத் தனியாகக் குறிப்பிட்டார். ஆறு கதைகளில் இதற்கே முதலிடம் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள்.

1946 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இத்தாலியில் கருத்துகள் பிளவுபட்டிருந்தன, இருந்தும் 1947இல் அந்நாட்டு விமர்சகர்களின் வெள்ளி நாடா விருது கிடைத்தது. அமெரிக்காவில் 1948க்கான சிறந்த அயல்மொழிப் படமாக நியூயார்க் விமர்சகர்கள் இதைத் தேர்ந்தெடுத்தனர். 1950இல் நடந்த ஆஸ்கர் விழாவில் கதை-திரைக்கதைப் பிரிவில் போட்டியிட்டு, ‘பேட்டில்கிரவுண்ட்’ எனும் இன்னொரு போர்ப்படத்திடம் தோற்றது. நியூயார்க்கில் படத்தைப் பார்த்த நடிகை இங்க்ரிட் பெர்க்மன், உங்களுடன் பணியாற்ற விரும்புகிறேன் என்று ரோசெல்லினிக்குக் கடிதம் எழுதியது திரையுலகமே அறிந்த செய்தி.

அதைவிட நீடித்த விளைவு இளைஞர்களிடம் நேர்ந்தது. மாணவப் பருவத்தில் இப்படத்தைப் பார்த்த பிறகே சினிமாதான் தங்கள் வழி என்று தீர்மானித்ததாக இயக்குநர்களான தாவியானி சகோதரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ‘அல்ஜியர்ஸ் போர்’ எடுத்த ஜில்லோ பொந்தேகோர்வோவும் தன் திருப்பத்துக்கு இதையே காரணமாகக் கூறியவர். ‘பாய்சா’வின் வடிவத்துக்கு ரோசெல்லினியும் பின்னாளில் திரும்பினார்: 1956 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்து அவர் எடுத்த ‘இந்தியா: மாத்ரி பூமி’யும் தனித்தனிக் கதைகளாகவே அமைந்தது. அதில் ஒன்று ஹிராகுட் அணைக்கட்டுத் தொழிலாளியைப் பற்றியது.

காப்பாற்றப்பட வேண்டிய 100 இத்தாலியப் படங்களின் பட்டியலிலும் ‘பாய்சா’ இடம்பெற்றுள்ளது. படம் டிஜிட்டல் முறையில் சீரமைக்கப்பட்டும் உள்ளது. இனிப் பார்க்க விரும்புவோர், ஆங்கிலம், இத்தாலியன், ஜெர்மன், நேப்பிள்ஸ் வழக்கு எல்லாம் அவரவர் வாயில் அப்படியே ஒலிக்கும் பிரதியையே தேடிப் பார்க்க வேண்டும். எல்லாரும் ஒரே மொழியில் பேசும்படி குரல் மாற்றினால், கோட்டையில் ஜோவும் கார்மெலாவும் உட்கார்ந்திருக்கும் அந்த முதற்கதைக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.