நெல்லுக்குக் கணக்கு உண்டு

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோவிலில் திருக்கச்சி நம்பிக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. "ராமானுஜருக்கே குரு, நம்ம ஊர்க்காரர்" என்று சொல்லிக்கொள்வோம். பிராமணரல்லாத நம்பி உண்ட மிச்சத்தை உண்ண ராமானுஜர் விரும்பினாராம். ராமானுஜரின் மனைவியோ மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, இடத்தையும் கழுவிவிட்டார் என்கிறது குருபரம்பரைக் கதை.

அதே 11ஆம் நூற்றாண்டின் சமஸ்கிருதக் கல்லூரி ஒன்றில் யார் சாப்பிட்டார்கள்? விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் ராஜேந்திரன் காலக் கல்வெட்டு கணக்கே தருகிறது. மாணவர் 340, ஆசிரியர் 14. இளநிலையில் 270 பேர்: ரிக் 75, யஜுர் 75, ரூபாவதார இலக்கணம் 40, மற்றவை 80. மேல்நிலையில் 70: வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. இளையவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மூத்தவருக்கு 1 குறுணி 2 நாழி. இதற்கெல்லாம் 45 வேலி நிலம்.

ரூபாவதாரம் எழுதிய தர்மகீர்த்தி ஒரு பௌத்தர். ஆக, வேத மாணவர் நடுவே பௌத்தர் புத்தகம் போக முடிந்திருக்கிறது. 'கலப்பற்ற மரபு' என்ற பேச்சு இங்கேயே அடிபடுகிறது. ஆனால் புத்தகத்துக்குத் திறந்த கதவு மனுஷனுக்குத் திறந்ததா? நம்பி போன்ற ஒருத்தர் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்க முடியுமா?

ஓதியவர்களுக்கு எண் உண்டு, அவர்கள் தின்ற நெல்லுக்கும் அளவு உண்டு. அந்த 45 வேலியை உழுதது யாரு? கல்வி வரலாற்றை நான் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.