எல்லையோரத்துப் புத்தக அலமாரி

என் தாயார் எனக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. எல்லாம் தமிழ்தான். ஆனால் எழுத்து மட்டும் மலையாளம். பாலக்காட்டில் பிறந்து வளர்ந்த அங்கத்தினர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அக்ரஹாரத்தை எங்கள் பக்கத்தில் 'கிராமம்' என்போம். கிராமத்தில் அகத்துக்கு அகம் தமிழ் பேசினோம். பள்ளிக்கூடத்திலோ மலையாளம் படித்தோம். ஆகவே மனதில் தமிழும் கையில் மலையாளமுமாக ஒரு தலைமுறையே வளர்ந்தது.

எனக்குத் தமிழ் எழுத்து தெரிந்தது பாட்டியால். அவள் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மத்தியானம் அடுக்களைக் காரியம் முடிந்ததும் 'அம்புலிமாமா'வைப் பிரித்துக்கொண்டு திண்ணையில் உட்காருவாள். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். கதை முக்கியமான கட்டத்துக்கு வரும்போது, "எனக்குக் கண் வலிக்கிறது, மீதியை நீயே படி" என்று பத்திரிகையை என்னிடம் கொடுத்துவிடுவாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவள் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

சக்கரபாணியும் நாகிரெட்டியும் சென்னையில் 'அம்புலிமாமா'வைத் தமிழிலும் தெலுங்கிலுமாக ஆரம்பித்தது 1947 ஜூலையில். பிற்பாடு அதே கதைகளும் படங்களும் மலையாளத்தில் 'அம்பிளி அம்மாவன்' என்று வந்தன. வேதாளக் கதைக்குப் படம் வரைந்த ஓவியர் சங்கர் (கே.சி. சிவசங்கரன்) 2020-ல் தமது 97-வது வயதில்தான் காலமானார். அந்த ஒரு படத்தை எல்லைக்கு இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் பார்த்து வளர்ந்தார்கள் என்பது நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

பாலக்காடும் இடுக்கியும் தமிழ்நாட்டை ஒட்டிய மாவட்டங்கள். சித்தூர், தேவிகுளம், பீருமேடு ஆகிய தாலுகாக்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. உத்தியோக நிமித்தமாக இரண்டு மாவட்டங்களிலும் சுற்றியவன் நான். அந்த எல்லையோரத்துக்குப் புத்தகம் எப்படி வந்து சேர்ந்தது, யார் கொண்டு வந்தார்கள் என்ற சரித்திரத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒரு சட்டமும் ஒரு சங்கமும்

1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் இந்த இரண்டு பகுதிகளும் வேறு வேறு ராஜ்யங்களில் இருந்தன. பாலக்காடு, சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்து, பிறகு திருக்கொச்சியில் சேர்ந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972 ஜனவரி 26-ல்தான். ஆகவே நூலகமும் இரண்டு வழியாக வந்தது. பாலக்காட்டுக்குச் சட்டத்தின் மூலமாகவும், மலைப் பக்கத்துக்குச் சங்கத்தின் மூலமாகவும் வந்தது.

சட்டத்துக்குக் காரணகர்த்தர் நம்மவர், சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் முதல் நூலகரானார். வேலை அவருக்கு முதலில் பிடிக்கவில்லை, திரும்பவும் பாடம் நடத்தப் போய்விடுகிறேன் என்று கேட்டாராம். அந்த வருஷமே பயிற்சிக்காக லண்டன் போனார். அங்குள்ள பொது நூலகங்களில் தொழிலாளிகளும் குழந்தைகளும் தாராளமாகப் புழங்குவதைக் கண்டதும் அவர் மனம் மாறிவிட்டது. லண்டன் கடை ஒன்றில் 'மெக்கானோ' விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான பொம்மை செய்யலாம். புத்தகங்களின் பொருளையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று தோன்றியது. 1933-ல் வெளியான அவருடைய 'கோலன்' பகுப்பு முறைக்கு வித்து அந்தக் குழந்தைச் சாமான்தான்.

அவர் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளின் சாரத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். புத்தகம் உபயோகத்துக்காக இருப்பது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்.

ரங்கநாதன் போன்றோரின் முயற்சியால், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு ஒரு சிறு தொகையை நூலகத்துக்கென்று வசூலிக்க வழி செய்தது. மலபாரும் சென்னையோடு இருந்ததால் பாலக்காட்டுக்கும் அது பொருந்தியது. கேரளம் உருவான பிறகும் மலபார் பகுதியில் அந்தச் சட்டமே நீடித்து, 1989-ல் கேரளத்தின் சொந்த நூலகச் சட்டம் வந்த பின்தான் மாறியது.

திருவிதாங்கூரில் அப்படி வரியோ சட்டமோ இல்லை. நீலம்பேரூர் என்ற ஊரைச் சேர்ந்த பி.என். பணிக்கர் (1909-1995) என்ற பள்ளி ஆசிரியர் 1926-ல் தம் ஊரில் ஒரு வாசகசாலை ஆரம்பித்தார். பிறகு மற்ற ஊர்களுக்கும் நடந்தார். 1945 செப்டம்பரில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளை அம்பலப்புழையில் கூட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் கிரந்தசாலா சங்கம். ஊர்க்காரர்களே இடம் கொடுத்து, மரம் கொடுத்து, கூரை வேய்ந்து நூலகம் கட்டினார்கள். 'வாசித்து வளர்க' என்பது அவர்களுடைய கோஷம். 1975-ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசு அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் தேதியைக் கேரளம் 1996 முதல் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது.

அலமாரியில் என்ன இருந்தது?

கட்டடம் வந்தாயிற்று, உள்ளே என்ன வைப்பது? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னவர்களில் ஒருவர் பாலக்காட்டுப் பக்கத்தவரே. அடக்காபுத்தூர் பி.டி. பாஸ்கரப் பணிக்கர், 1954-ல் மலபார் ஜில்லா போர்டின் தலைவரானவர். 1962-ல் கோழிக்கோட்டில் ஆரம்பமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தில் பின்னர் முக்கியப் பொறுப்பு வகித்தார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பது பரிஷத்தின் நோக்கம். பெரியவர்களுக்கு 'சாஸ்திரகதி', மாணவர்களுக்கு 'சாஸ்திர கேரளம்', சின்னக் குழந்தைகளுக்கு 1970 முதல் 'யுரீகா' என்று வயதுக்கேற்ற பத்திரிகைகளைக் கொண்டு வந்தார்கள். ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்றார்கள். சைலன்ட் வேலியில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டம் பற்றி 1979-ல் பரிஷத் புத்தகம் போட்டபோது, பாலக்காட்டு டீக்கடைகளில் காட்டைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் ஜனங்கள் புள்ளிவிவரத்தோடு தர்க்கம் செய்ததை நானே கேட்டிருக்கிறேன். திட்டம் கைவிடப்பட்டு, 1985-ல் அங்கே தேசியப் பூங்கா திறக்கப்பட்டது.

விஞ்ஞானப் பட்டதாரி என்ற முறையில் இன்னொரு கடனையும் ஒப்புக்கொள்கிறேன். சோவியத் நாட்டிலிருந்து வந்த யா. பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' மிக மலிவாகக் கிடைத்தது. காலேஜில் சூத்திரமாக மனப்பாடம் செய்ததன் அர்த்தம் எனக்கு அதில்தான் விளங்கியது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு அந்த வரத்து நின்றுபோனது.

கதைப் புத்தகங்களில் எங்கள் இரட்டை வாழ்வு நன்றாகத் தெரியும். கல்பாத்தியில் 1927-ல் பிறந்த மலையாற்றூர் ராமகிருஷ்ணன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கேரளத்துத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தின் கதையை 'வேருகள்' என்ற நாவலாக 1966-ல் எழுதினார். எழுதியது மலையாளத்தில். அதற்குக் கேரள சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக்கைக் களமாகக் கொண்டு ஓ.வி. விஜயன் எழுதிய 'கசாக்கின் இதிகாசம்' 1969-ல் புத்தகமாயிற்று. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் மண்ணின் கதை அது. அதைத் தமிழுக்குக் கொண்டு வந்த யூமா வாசுகி, மொழிபெயர்ப்புக்காக சாகித்ய அகாதமி விருது பெற்றார். மலையாளத்திலிருந்து எத்தனையோ குழந்தைப் புத்தகங்களையும் அவரே மொழிபெயர்த்திருக்கிறார். 2024-ல் சிறுவர் இலக்கியத்துக்கான அகாதமி விருதும் அவருக்குக் கிடைத்தது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சமமாக உழைக்கும் அப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் எல்லையில் எந்த அலமாரியும் நிறையாது.

குறையும் உண்டு. 1980-களில் நான் தேவிகுளம் தாலுகாவில் இருந்தேன். ஒரு சிறிய வாசகசாலைக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை ஒருவன் வந்து, "தமிழ்ல கதைப் புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்டான். தமிழ் மீடியத்தில் படிக்கிறவன். அலமாரியில் மலையாளப் புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தமிழில் இருந்தவை பழைய தீபாவளி மலர் ஒன்றும் ஜோசியப் புத்தகம் ஒன்றும்தான். பையன் தீபாவளி மலரை வாங்கிக்கொண்டு போனான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் என்ற ரங்கநாதனின் விதி எங்கே தவறுகிறது என்பதை அன்று பார்த்தேன். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. புத்தகம் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

சாக்குப் பையில் ஒரு நூலகம்

அதே தேவிகுளம் தாலுகாவில், காட்டுக்குள்ளே, இடமலக்குடி இருக்கிறது. 2010-ல் கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்து ஆனது. அங்கே வசிப்பவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து குழந்தைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய ஐதீகம். அவர்கள் பேச்சும் தமிழுக்கு நெருங்கியது.

அங்கே சின்னத்தம்பி என்பவர் ஒரு மண் குடிசை டீக்கடையில் நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் எழுதி உலகறியச் செய்தார். அப்போது சின்னத்தம்பிக்கு 73 வயது. புத்தகங்கள் 160. அலமாரி கிடையாது, இரண்டு சாக்குப் பைகள்தான். யாராவது வந்தால் பாயில் எடுத்துப் பரப்புவார். அங்கத்தினர் கட்டணம் ஒரு தடவை 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். மலையேறிக் களைத்து வருகிறவர்களுக்குக் கட்டன் சாயா இலவசம். யார் எதை எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்பதை நோட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். பஷீரும் எம்.டி.யும் அந்தச் சாக்கில் இருந்தார்கள். 'சிலப்பதிகார'மும் இருந்தது, மலையாள மொழிபெயர்ப்பில்.

இளங்கோவடிகளின் காவியம், தமிழுக்கு நெருங்கிய பேச்சுள்ளவர்களிடம், மலையாள எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு என் தாயாரின் கடிதங்கள் ஞாபகம் வந்தன. வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். ஆயிரக்கணக்கில் புத்தகமிருந்தும் தூசி படிந்து கிடக்கும் நூலகங்களைப் பார்த்திருக்கிறேன். 160 புத்தகங்களை வைத்துக்கொண்டு ரங்கநாதனின் ஐந்து விதிகளையும் நடத்திக் காட்டினார் ஒரு டீக்கடைக்காரர். யாருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

இன்று பல நகரங்களில் இருக்கும் நம் குடும்பங்களின் நிலையும் எல்லையோர நிலைதான். என் பேத்தி பங்களூரில் இருக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். தமிழும் படிக்கத் தெரியாது, மலையாளமும் தெரியாது. கொள்ளுப்பாட்டியின் கடிதத்தை அவளால் எந்த எழுத்திலும் படிக்க முடியாது. பாட்டி திண்ணையில் செய்த வேலையை நான் செய்யவில்லை என்பதுதான் இதற்குக் காரணம். என் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நன்றாக வர வேண்டுமே என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது.

ஒவ்வொரு கிளையிலும் நூறு புத்தகங்கள் கொண்ட ஒரு அலமாரி வைக்கலாம் என்பது என் யோசனை. கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். குழந்தைகளின் படக்கதைகள் 30, அதில் பாதி இரண்டு மொழி சேர்ந்தவை. சென்னையில் 'தூலிகா' அப்படிப்பட்டவற்றை வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே புத்தகத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தை தானே ஒப்பிட்டுப் படிக்கும். எளிய விஞ்ஞானம் 20, நாவலும் சிறுகதையும் 25, புராண இதிகாசங்கள் 10, வாழ்க்கை வரலாறு 10, அகராதியும் இதர நூல்களும் 5. யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதை மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம். உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் பத்து வயதுக் குழந்தை ஒன்றையும் ஒரு பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதேபோல இன்னொரு நூறு, சித்தூர் அல்லது தேவிகுளம் தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். அன்று தீபாவளி மலரோடு திரும்பிய பையனுக்கு நான் பட்டிருக்கும் கடன் அது.

சென்ற லீவுக்குப் பேத்தி வந்திருந்தாள். 'அம்புலிமாமா'வின் பழைய இதழ் ஒன்று பெட்டியில் கிடைத்தது. வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வரை படித்துவிட்டு, எனக்குக் கண் வலிக்கிறது என்றேன். அவள் முதல் வரியை முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த லீவுக்கு மீதி.